ஒரு ஏக்கர் நெல்லுக்கு எத்தனை யூனிட் கரன்ட்? விளைச்சல் சொல்லாத கணக்கு

தஞ்சாவூர் பக்கம் ஒரு ஏக்கர் நெல் வயல். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்கால் மடையைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக வயலுக்குள் இறங்கும். கொங்கு மண்டலத்தில் இன்னொரு ஏக்கர் நெல் வயல். அங்கே போர்வெல்லுக்குள் பல நூறு அடி ஆழத்தில் இறக்கிய மோட்டார் ஓடினால்தான் தண்ணீர்.

அறுவடை முடிந்ததும் இரண்டு வயலிலும் ஒரே அளவு நெல் மூட்டை கிடைக்கலாம், கொள்முதல் நிலையத்தில் ஒரே விலையும் கிடைக்கலாம். ஆனால் இந்த இரண்டு வயல்களும் இன்னும் 20 வருஷம் இப்படியே விளையுமா? மூட்டைக் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. அதற்கு வேறு இரண்டு எண்கள் வேண்டும்: வயல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர எவ்வளவு மின்சாரம் ஆகிறது.

கணக்கு எப்படி வருகிறது?

1,000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயரம் தூக்கக் குறைந்தபட்சம் 0.0027 யூனிட் மின்சாரம் வேண்டும். இது பள்ளிக்கூட இயற்பியல். ஆனால் எந்த மோட்டாரும் வாங்கும் கரன்ட் முழுவதையும் தண்ணீராக மாற்றித் தராது. பழைய மோட்டார், தேய்ந்த பம்ப், குறைந்த வோல்டேஜ் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிடும். அதனால் திறன் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நெல்லுக்கு ஒரு பருவத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை. ஒரு ஏக்கருக்கு இது கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். மழையே இல்லாமல் அத்தனையும் நிலத்தடியில் இருந்து வருவதாகக் கொண்டால்:

- நீர்மட்டம் 10 மீட்டரில் (சுமார் 33 அடி) இருந்தால்: ஏறக்குறைய 330 யூனிட்
- 100 மீட்டரில் இருந்தால்: ஏறக்குறைய 3,300 யூனிட்
- 200 மீட்டரில் இருந்தால்: ஏறக்குறைய 6,600 யூனிட்

மாதம் 200 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு 3,300 யூனிட் என்பது 16 மாத கரன்ட். அது ஒரே ஏக்கரில் ஒரே பருவத்தில் போய்விடுகிறது. நிலக்கரியை நம்பியிருக்கும் இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குத் தோராயமாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் 3,300 யூனிட்டுக்கு இரண்டு டன்னுக்கும் மேல்.

அதே 100 மீட்டர் ஆழத்தில், 500 மில்லிமீட்டர் தண்ணீரில் விளையும் ஒரு சோளப் பயிருக்கு 1,400 யூனிட் போதும். அதிலும் பாதி மழையில் கிடைத்துவிட்டால் 700 யூனிட்.

தண்ணீர்க் கணக்கு மட்டும் போதாதா?

போதாது. நெல் வயலில் விடும் தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மறுபடியும் நிலத்தடிக்கே போகிறது. அதனால் 48 லட்சம் லிட்டரும் வீணானதாகச் சொல்ல முடியாது. ஆனால் தூக்கச் செலவான கரன்ட் திரும்பி வராது. கீழே இறங்கிய அதே தண்ணீரை மறுபடி எடுக்கவும் மறுபடி கரன்ட் வேண்டும்.

மின்சார எண் இன்னொரு வேலையும் செய்கிறது. நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதே பயிருக்கு, அதே பரப்புக்கு வருஷா வருஷம் யூனிட் ஏறிக்கொண்டே போனால், ஒன்று மோட்டார் பழுதாகிறது, இல்லை நீர்மட்டம் இறங்குகிறது என்று அர்த்தம். கிணறு வற்றுவதற்கு முன்பே மணி அடிக்கக்கூடிய எண் இது.

நிலைமை எவ்வளவு மோசம்?

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு இந்தியா. எடுக்கும் நீரில் பெரும்பங்கு பாசனத்துக்குப் போகிறது. ஆண்டுதோறும் ஊறும் நீரைவிட எடுக்கும் நீர் அதிகமாக இருந்தால், அதாவது 100 சதவீதத்தைத் தாண்டினால், அந்தப் பகுதியை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 'அதிநுகர்வு' பட்டியலில் சேர்க்கிறது. பஞ்சாப் மாநிலம் முழுவதற்குமான சராசரியே 150 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2020 மதிப்பீட்டின்படி 1,166 குறுவட்டங்களில் 435 அதிநுகர்வுப் பட்டியலில் இருந்தன.

இந்தச் சுமை முதலில் விழுவது விவசாயி மேல்தான். கரன்ட் இலவசம், ஆனால் போர் போடுவது இலவசம் இல்லை. நீர்மட்டம் இறங்கினால் இன்னும் ஆழமாக போர், பெரிய மோட்டார், நீளமான கேபிள் என்று கடன் ஏறும். பணம் இருப்பவர் ஆழத்துக்குப் போய்விடுவார். பக்கத்துத் தோட்டத்துச் சிறு விவசாயியின் கிணறு அதோடு வற்றும்.

அப்படியானால் இலவச மின்சாரம்தான் காரணமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடிய விவசாயிகள் மீது திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் இறந்தனர். 1972-லும் துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பு. நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான், 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2003-ல் கட்டணம் கொண்டுவரும் முயற்சி நடந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

ஆற்றுப் பாசனம் இல்லாத மாவட்டங்களில் விவசாயம் நிற்காமல் இருப்பதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம். வாய்க்கால் பாசனத்துக்கு அணையும் கால்வாயும் அரசு கட்டித் தருகிறது. கிணற்றுப் பாசனக்காரர் கிணற்றைத் தானே வெட்டிக்கொள்கிறார். அவருக்குக் கரன்டாவது கொடுங்கள் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து மதிப்பிட்டு, அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. எந்தத் தோட்டத்தில் எத்தனை யூனிட் போகிறது என்பது வாரியத்துக்கும் தெரியாது, விவசாயிக்கும் தெரியாது. மும்முனை மின்சாரம் எப்போது வருமோ என்று ஆட்டோ ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டுத் தூங்கப்போனால், தண்ணீர் தேவையோ இல்லையோ மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சொட்டுநீரும் சோலாரும் காப்பாற்றாதா?

பாதி காப்பாற்றும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. சொட்டுநீர் ஏக்கருக்கான தண்ணீரைக் குறைக்கிறது. ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் கரும்போ வாழையோ போட்டால் நிலத்தடி நீர் பழையபடிதான் இறங்கும். நெல்லில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை, அதாவது வயல் காய்ந்த பிறகு மறுபடி தண்ணீர் விடுவது, விளைச்சல் குறையாமல் தண்ணீரை மிச்சப்படுத்தும். அதிலும் மிச்சத்தை என்ன செய்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது.

சோலார் பம்ப் கார்பனைக் குறைக்கும். பகலில் கரன்ட் உறுதி, ராத்திரியில் தோட்டத்துக்கு ஓட வேண்டாம். ஆனால் வெயில் இருக்கும்வரை செலவில்லாமல் ஓடும் மோட்டாரை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. புகை இல்லாமலும் ஒரு கிணறு வற்றலாம்.

சரி, என்னதான் செய்வது?

மீட்டரையும் பில்லையும் பிரிக்க வேண்டும். மீட்டர் வந்தால் அடுத்து பில் வரும் என்பது விவசாயிகளின் பயம். பெருமாநல்லூரை நினைவில் வைத்திருப்பவர்களிடம் அந்தப் பயம் தேவையில்லை என்று வாயால் சொன்னால் எடுபடாது. இலவசம் தொடரும் என்று சட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அளப்பதை மட்டும் தொடங்கலாம்.

அடுத்தது, மிச்சத்துக்கு விலை. பஞ்சாப் 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விருப்பப்பட்டுச் சேரும் விவசாயிக்கு ஒரு மின்சார அளவு ஒதுக்கப்படும். அதைவிடக் குறைவாகப் பயன்படுத்தினால், மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் கிடைக்கும். கூடுதலாகப் பயன்படுத்தினால் அபராதம் இல்லை. இங்கேயும் அப்படி ஒரு திட்டம் இருந்தால், 3,300 யூனிட் நெல்லுக்குப் பதில் 1,400 யூனிட் சோளம் போடுபவருக்கு 1,900 யூனிட் மிச்சம். அதே 4 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 7,600 ரூபாய். கட்டமைப்போடு இணைந்த சோலார் பம்பிலும் இதையே செய்யலாம்: பாய்ச்சாத கரன்டை விற்கலாம்.

மூன்றாவது, சந்தை. நெல்லுக்கு அரசுக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. சோளத்துக்கும் கம்புக்கும் அந்த உறுதி இல்லாதவரை, தண்ணீர்க் கணக்கைக் காட்டி விவசாயியிடம் பயிரை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

இலவச மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று அரை நூற்றாண்டாக நடக்கும் சண்டையில், ஒரு வயல் எத்தனை யூனிட் எடுக்கிறது என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட இன்னும் பதில் இல்லை. இலவசத்தைத் தொட வேண்டாம். அந்தப் பதிலையாவது முதலில் தெரிந்துகொள்ளலாம். அடுத்த போரை எத்தனை அடிக்குப் போடுவது என்று கடன் வாங்கிக்கொண்டு யோசிக்கும் விவசாயிக்குத்தான் அந்த எண் முதலில் தேவை.