பள்ளிக்கு விடுமுறை விடலாம், தாகத்துக்கு விட முடியாது

பெருமதிப்பிற்குரிய தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளி வளாகங்களை நம்பி வாழும் பறவைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

மார்ச் 20 சிட்டுக்குருவி நாள். அதையொட்டிப் பிள்ளைகள் ஆசையாகத் தண்ணீர் வைக்கிறார்கள். கம்பும் நொய்யும் தூவுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் முழு ஆண்டு விடுமுறை விட்டதும் சட்டி காய்ந்துவிடுகிறது. கண்மாயும் ஊருணியும் வற்றி, கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கத்திரி வெயில் காலமும் அதுதான். தண்ணீர் கண்டு பழகிய மைனாவும் தவிட்டுக்குருவியும் பூட்டிய கேட்டைத் தாண்டி வந்து ஏமாந்து போகின்றன.

எனவே முதல் வேண்டுகோள்: விடுமுறை நாட்களில் தண்ணீர் வைப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் முறைபோட்டுச் செய்யச் சொல்லுங்கள். அகலமான மண்தட்டு, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், குருவி நின்று குடிக்க நடுவில் ஒரு கல், பூனை பதுங்க முடியாத நிழல், இவ்வளவு போதும். தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையென்றால் ஒரு பறவையின் நோய் மற்றவற்றுக்கும் தொற்றும், கொசுவும் பெருகும்.

இரண்டாவது வேண்டுகோள் இதைவிடப் பெரியது. தண்ணீர்த் தட்டு பறவையை வரவழைக்கும், தங்கவைப்பது முள்மரம்தான். வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று உடைமரத்தையும் இலந்தைப் புதரையும் அடியோடு வெட்டிவிடுகிறார்கள். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவைதான். குஞ்சுக்கு ஊட்டுவதோ புழுவும் பூச்சியும். வெறுந்தரையில் அவை ஏது? வெளியே தானியமும் அரிதாகிவிட்டது: கம்பும் சோளமும் விளைந்த புஞ்சைகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அந்தப் பெரிய மணியைச் சிட்டு முழுதாக விழுங்கவும் முடியாது.

புதர் இருந்தால் பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் வகுப்பறையை விட்டுத் தள்ளி, சுற்றுச்சுவரோரம் ஒரு துண்டு நிலத்தை மட்டும் பறவைகளுக்கு ஒதுக்கக் கேட்கிறேன். அங்கே முள்மரம் நிற்கட்டும், பூச்சிமருந்து வேண்டாம். புரட்டாசி மழைக்குப் பிள்ளைகள் கம்பு விதைத்து, கதிரை அறுக்காமல் விடட்டும். எந்த மரத்தை வெட்டும் முன்பும் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுக்க வேண்டும். காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சேதப்படுத்துவதையும் வேட்டை என்றே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சிவகங்கை மாவட்டம் போத்தகுடியில் 2020-இல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சுகள் பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரார் தெருவிளக்கைப் போடாமல் இருட்டிலேயே நடமாடினார்கள். ஒரு கூட்டுக்காக ஓர் ஊரே விளக்கை விட்டுக்கொடுத்திருக்கும்போது, நம் பள்ளிகள் ஒரு மூலை நிலத்தைக் கொடுப்பது பெரிதல்ல.

ஏப்ரல் விடுமுறைக்கு முன் நீங்கள் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை இதைத் தொடங்கிவைக்கும். எந்தப் பறவை வந்தது, எந்த மரத்தில் கூடு கட்டியது என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு நோட்டில் பதிந்துவரச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். ஆட்சியர் பார்ப்பார் என்று தெரிந்தால், எங்கள் பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தட்டைக் காயவிட மாட்டார்கள்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வட்டாரத்துப் பெற்றோர் ஒருவர்