சுவருக்கா காவல்?

ஊர்ப்புறத்திலே வேலையின்றி உட்கார்ந்திருக்கும் வாலிபனைக் கண்டதும், "காலி" என்கிறார்கள் கனவான்கள். அவனை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தவர் யார்? அதை மட்டும் கேட்கமாட்டார்கள்! நாம் கேட்கிறோம்.

1995இல் பிரெஞ்சு நாட்டிலே ஒரு படம் வந்தது. பெயர் 'லா ஏன்' - வெறுப்பு என்று பொருள். எடுத்தவர் மாத்தியூ கசோவிட்ஸ். பாரிசுப் புறநகரின் அடுக்குமாடிகளிலே மூன்று வாலிபர்கள்; ஒருவன் யூதன், ஒருவன் அரபு வழியினன், ஒருவன் ஆப்பிரிக்க வழியினன். போலீசாரால் அடிபட்ட நண்பன் மருத்துவமனையிலே கிடக்கிறான். போலீசார் தவறவிட்ட துப்பாக்கி இவர்கள் கையிலே! அன்றைய தலைமை அமைச்சர் அலேன் ழுப்பே, தம் அமைச்சர்களுக்கே அதைத் திரையிட்டுக் காட்டினார். பார்த்தார்கள். பிறகு? 2005இல், போலீசுக்கு அஞ்சித் துணை மின்நிலையத்தில் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி மாண்டனர். புறநகர்கள் பற்றி எரிந்தன. பத்தாண்டுக்கு முன்பே படம் காட்டிய பாடத்தைப் படித்தவர் யார்?

"பாரிசுக் கதை நைனார்பாளையத்துக்கு எதற்கு?" என்பீர்கள், தோழர்களே! பட்டணத்துக் கதை சொல்கிறோம். 2014இல் பா. இரஞ்சித் எடுத்த 'மெட்ராஸ்' படத்திலே, வடசென்னைக் குடியிருப்பின் ஒரு சுவருக்காகக் கட்சியின் இரு அணிகள் மோதுகின்றன. அன்பு என்ற தொண்டன் வெட்டுண்டு மடிகிறான். சுவர் நிற்கிறது, இளைஞன் சாய்கிறான்!

படம்தானே என்று தள்ளாதீர். 2000 முதல் சென்னைக் குடிசைவாசிகள் பலரை நகருக்கு வெளியே, கண்ணகி நகரிலே குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது, வேலை தொலைவாயிற்று. முகவரியைக் கேட்டதும் முகம் சுளித்தனர் முதலாளிகள். அந்த முகவரியிலிருந்துதான், 2025இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணிக்கு ஆடினாள் கார்த்திகா. மண்ணிலே குறையில்லை; வாய்ப்பிலேதான் வஞ்சனை!

நைனார்பாளையத்துத் தோழர்களே! தேர்தல் வந்தால் சுவர் பிடிக்கிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், இரவெல்லாம் காவல் நிற்கிறோம். நிற்கட்டும், தவறில்லை. ஆனால், அந்த உழைப்பிலே பாதியைக் கொண்டு ஒரு படிப்பகம் திறக்கலாமே! தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரலாமே! ஓர் ஆடுகளத்தைச் சீர்செய்யலாமே! கொடி பிடிக்க மட்டும் இளைஞனை அழைக்கும் கட்சி, அவன் கோபத்தை வேறொருவன் விலைக்கு வாங்கும்போது வாய்திறக்க உரிமையற்றது.

சுவரிலே நம் சின்னம் மழைக்கு அழியும். அதன் நிழலிலே நிற்பவன் நம் தம்பி. அவனுக்குக் காவல் நிற்போம்!