கறுப்பா இருந்தா கனமா?

அயர்லாந்து பியர் என்று பேச்சு வந்தாலே நம்மாட்கள் சொல்வது ஒரே டயலாக்தான்: "கின்னஸா? ரொம்ப ஹெவிப்பா, சாப்பாடு மாதிரி. லேகர்தான் லைட்." கலரைப் பார்த்தே தீர்ப்பு எழுதியாச்சு! என் கட்சி வேறு. ஸ்டௌட்டைக் கண்ணால் குடிக்கக் கூடாது, நாக்கால் குடிக்க வேண்டும்.

முதலில் கணக்கு. (காமர்ஸ் புத்தி, விடாது.) கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம். கார்க் நகரத்து மர்ஃபீஸில் 4. சாதாரண லேகர்களில் 4 முதல் 5 வரை. அப்புறம் எங்கே இருக்கிறது கனம்?

கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது. காபிக்கொட்டையை வறுப்பது மாதிரிதான். அந்தக் கசப்பும் காபி வாசனையும் அதனால்தான். கடுங்காப்பி கறுப்பாக இருக்கிறதே என்று பால் காபியைவிட கனம் என்போமா? கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் சிவப்புத் தெரியும்.

அடுத்தது அந்த வெண்ணெய் மாதிரி நுரை. லேகரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. நாக்கில் சுருக்கென்று குத்தும். டிராஃப்ட் ஸ்டௌட்டை ஊற்றும் வாயுவில் பெரும்பங்கு நைட்ரஜன். அது திரவத்தில் அவ்வளவாகக் கரையாது, குமிழ்கள் பொடிப்பொடியாக வரும், வாயில் வழவழப்பு. 1959-ல் இதைக் கொண்டுவந்தவர் கின்னஸில் வேலை பார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணித ஆசாமி. அந்த வழவழப்பைத்தான் நாம் கனம் என்கிறோம்!

அதே கம்பெனியின் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டௌட் 7.5 சதவீதம். அதுவும் கறுப்புதான். ஆக, கலர் ஒரு அளவுகோலே இல்லை.

அதற்காக லேகரை மட்டம் தட்டவில்லை. 1960-ல் டண்டாக் ஊரில் ஹார்ப் லேகரைத் தொடங்கியதே கின்னஸ்தான். குளிரில் மெதுவாகப் புளிக்க வைத்து, ஆற விட்டு எடுப்பது லேகர். வறுத்த வாசனை இல்லாததால் சின்னக் குறைகூட நாக்கில் தெரிந்துவிடும். ஐஸ் மாதிரி குளிர வைத்துக் குடித்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

இப்போது நம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பருக்கு வருவோம். மனப்பாடம் பண்ணும் டி-டெஸ்ட் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்த வில்லியம் கோசெட் டப்ளின் கின்னஸ் ஊழியர். ஊழியர்கள் சொந்தப் பேரில் எழுதக் கூடாது என்பதால் 1908-ல் "ஸ்டூடண்ட்" என்ற பேரில் கட்டுரை போட்டார். ரெண்டு மூணு சாம்பிளை வைத்து எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்பதுதான் அவர் கேள்வி. நாம் சாம்பிளே எடுக்காமல் முடிவு சொல்கிறோம் :-)

செய்து பாருங்கள். கின்னஸ், மர்ஃபீஸ், ஒரு லேகர். சின்னச் சின்ன கிளாஸ், ஆளுக்கு ரெண்டு மடக்கு, கண்ணை மூடிக்கொண்டு, வரிசையை மாற்றி மாற்றி. எது ஸ்டௌட் என்பதை நுரை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எதில் சரக்கு அதிகம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். கின்னஸின் வறண்ட கசப்புக்கும் மர்ஃபீஸின் மென்மைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும். பிடிக்கவில்லையா, தாராளமாகச் சொல்லுங்கள். ருசித்துவிட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

டிஸ்கி: குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். டி-டெஸ்ட் மட்டும் போதும்.