நலம் பேணுவோம்: முதியோரும் நீரிழிவும்

ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கும் பெற்றோர் பலருக்கு நீரிழிவு உண்டு. மருந்துச் சீட்டோ அவர்கள் அறியாத எழுத்தில் உள்ளது. பகலில் நாம் அலுவலகம் சென்றபின் துணை யார்? ஒரு நோட்டுப்புத்தகம் துணையாகட்டும். மருந்தின் பெயர், வேளை, அளவு, சர்க்கரைக் கணக்கு யாவற்றையும் அவர்கள் கையாலேயே தமிழில் எழுதச் செய்வோம்.

முதற்பக்கத்தில் இவை இருத்தல் நலம்: சஷ்டி, ஏகாதசி விரதத்திற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்; உண்ணாமல் மருந்து மட்டும் கொண்டால் சர்க்கரை அபாயமாகக் குறையலாம். வியர்வை, நடுக்கம் தோன்றி, சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிருப்பின், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடங் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டலாகாது. உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இதை அண்டை வீட்டாருக்கும் இன்றே சொல்லி வைப்போமாக.