பாதி விலைக்கும் ஆளில்லை

அமேசான் காடு மனுக்குலத்தின் பொதுச்சொத்து என்று கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. அப்படிச் சொல்வோரில் பெரும்பாலோர் அக்காட்டில் ஒரு சாண் நிலமும் இல்லாதவர்கள். சொத்து பொது என்றால் அதைக் காக்கும் செலவும் பொதுவாக வேண்டாமா? தென் அமெரிக்காவின் சிறிய நாடான எக்குவடோர் இக்கேள்வியை 2007-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் எழுப்பியது. அதற்குக் கிடைத்த விடையை நாம் மறத்தலாகாது.

அந்நாட்டின் கிழக்கே யசுனி தேசியப் பூங்கா இருக்கிறது. யுனெஸ்கோ 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அங்கே ஒரே எக்டேர் நிலத்தில் 655 வகை மரங்களை ஆய்வாளர் எண்ணியிருக்கின்றனர். அந்த வனத்தின் அடியில் இஷ்பிங்கோ, தம்போகோச்சா, திபுதினி என்னும் மூன்று வயல்களில் ஏறத்தாழ 84.6 கோடி பீப்பாய் எண்ணெய் உறங்குவதாகக் கணக்கிட்டார்கள். அதைத் தோண்டாமலே விட்டுவிடுகிறோம், வருமானத்தில் பாதியை நாங்கள் இழக்கிறோம், மறுபாதியாகிய 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்றார் அன்றைய அதிபர் ரஃபேல் கொரேயா. நாற்பது கோடி டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு வானில் கலவாமல் தடுக்கப்படும் என்பது திட்டத்தின் கணக்கு. 2010-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பில் ஒரு நிதியமும் தொடங்கப்பட்டது. 2013 ஆகஸ்டு வரை வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1.3 கோடி டாலர். கேட்டதில் அரை விழுக்காடுகூட இல்லை! கொரேயா திட்டத்தைக் கைவிட்டார். 2016-இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள்.

கொடாதவர்கள் சொன்ன காரணங்கள் நம் கவனத்துக்குரியவை. ஜெர்மன் நாடாளுமன்றம் 2008-இல் கட்சி வேறுபாடின்றி இத்திட்டத்தை ஆதரித்தது. ஆனால் 2010-இல் அந்நாட்டின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சர் டிர்க் நீபெல், ஒன்றைச் செய்யாதிருப்பதற்குப் பணம் தரும் வழக்கத்தைத் தொடங்கலாகாது என்று மறுத்துவிட்டார். நல்ல நெறிதான். ஆனால் கியோட்டோ உடன்படிக்கையின்கீழ் இந்தியாவிலும் சீனாவிலும் குளிர்பதன வாயு ஆலைகள் எச்.எஃப்.சி.-23 என்னும் கழிவு வாயுவை வானில் விடாமல் எரித்ததற்காகக் கரிமச் சான்றுகளைக் குவித்தனவே! அச்சான்றுகளை வாங்கியவர்களில் ஐரோப்பிய நிறுவனங்களும் உண்டு. ஆலை முதலாளி தீமை செய்யாதிருக்கக் கூலி பெறலாம், காட்டுக்குச் சொந்தமான ஏழை நாடு பெறக் கூடாது என்பது எந்த நியாயம்?

கொரேயாவை நம்ப முடியவில்லை என்றார்கள் வேறு சிலர். நாமும் அவரைப் புனிதராக்க வரவில்லை. ஒரு கையால் யசுனியைக் காட்டிக்கொண்டே, மறுகையால் அமேசானின் வேறு பகுதிகளை எண்ணெய்க்குத் திறந்தவர் அவர். ஆனால் பணம் அவருடைய கருவூலத்துக்குப் போகவில்லை, ஐ.நா. அமைப்பிடம் இருந்தது. தோண்டினால் திருப்பித் தருவோம் என்ற உறுதிச் சான்றிதழும் உண்டு. ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் செல்வ நாடுகள் வாக்களித்தன. 2020-க்குள் எட்ட வேண்டிய அத்தொகையை அவர்களுடைய கணக்கின்படியே 2022-இல்தான் எட்டினார்கள். வாக்குத் தவறியவர் யார் என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? வடக்கு நாடுகள் தெற்குக்குப் பட்டிருக்கும் சூழலியல் கடனைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் எழுதினார். கடன்காரர் கொடுப்பதை நாம் இன்னும் தருமம் என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் காட்டுக்கு நம் திருச்சபையும் விலை கொடுத்திருக்கிறது. வெளியுலகத் தொடர்பை மறுத்து வாழும் தகாயெரி இனத்தார் இப்பகுதியினர். 1987-இல் எண்ணெய் நிறுவனங்கள் அவர்களுடைய நிலத்தை நெருங்கிக்கொண்டிருந்தன. ஆயுதத்தோடு போகிறவர்கள் முந்திக்கொண்டால் அம்மக்கள் அழிவார்கள் என்று அஞ்சினார் அகுவாரிக்கோ ஆயர், கப்புச்சின் துறவி அலெஹான்ட்ரோ லபாகா. ஜூலை 21 அன்று அவரும் அருட்சகோதரி இனேஸ் அராங்கோவும் ஹெலிகாப்டரிலிருந்து அவர்களுடைய குடிசைக்கு அருகே இறங்கினார்கள். மறுநாள் தேடிச் சென்றவர்கள் கண்டது ஈட்டிகள் பாய்ந்த இரண்டு உடல்களை. குத்தியவர்கள், அவர் காப்பாற்றச் சென்ற அதே மக்கள். அவர்கள்மீது பழி சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்நியர் வந்தால் என்ன வரும் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள்.

2023 ஆகஸ்டு 20-இல் எக்குவடோர் மக்கள் பொதுவாக்கெடுப்பில், ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் ஆதரவுடன், எண்ணெயை நிலத்தடியிலேயே விடுவது என்று தீர்ப்பளித்தார்கள். உலகம் பாராட்டியது. பாராட்டுக்குச் செலவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஒரெல்லானா மாகாணத்தில் எதிராக வாக்களித்தவர்களே அதிகம். எண்ணெய் வேலையை நம்பி அடுப்பெரிப்பவர்கள் வேறு எப்படி வாக்களிப்பார்கள்? அவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுகிற சூழலியல் பற்று நமக்கு வேண்டாம்.

ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். அந்த ஆண்டு முடிந்த 2024 ஆகஸ்டில்தான் முதல் கிணறு மூடப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட கிணறுகளை மூடி முடிக்க 2029 இறுதியாகும் என்கிறது அரசு. மூடும் செலவும் இழக்கும் வருவாயும் இம்முறை முழுக்க முழுக்க அந்நாட்டின் தலையிலேயே.