அப்பா தூங்குறப்போ பாட்டு கேட்க

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரோலிங் மில்லில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல தூங்குவார். எங்க வீடு ஒரே ரூம், ஸ்பீக்கர் போட வழியே இல்லை. அதனால 2000 ரூபாய்க்குள்ள ஒரு ஹெட்போன் தேடினேன்.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ப்ளூடூத்தான் சொன்னாங்க. வீட்ல உட்கார்ந்து கேட்க எதுக்குங்க ப்ளூடூத்? அந்த விலையில ஒரு பங்கு காசு பேட்டரிக்கும் சிப்புக்கும் மைக்குக்கும் போயிடும். பேட்டரியும் சில வருஷத்துல தளர்ந்துடும். ஒயர்டு வாங்குங்க. ஒயரைக் கழற்றி மாட்டுற மாடலா இருந்தா, அறுந்தாலும் ஒயரை மட்டும் மாத்தினா போதும். 32 ஓம் அளவில் இருந்தால் போனிலேயே நல்லா ஓடும்.

ஓப்பன் பேக்தான் பெஸ்ட்னு ரிவ்யூல சொல்வாங்க. சவுண்ட் அருமைதான், ஆனா வெளியே கசியும், அப்பா முழிச்சிடுவார். ஃபேன் சத்தமும் உள்ளே வரும், நீங்க வால்யூமை ஏத்துவீங்க. க்ளோஸ்டு பேக் எடுங்க.

கடையில் அவங்க போடுற டெமோ பாட்டை நம்பாதீங்க. இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்?' போட்டுப் பாருங்க. வயலின் எல்லாம் கூழாகாம தனித்தனியா கேட்கணும். 'எக்ஸ்ட்ரா பேஸ்'னு விக்கிறதுல பெரும்பாலும் கேட்காது.

அப்புறம் வால்யூம். 80 டெசிபல்னா வாரம் 40 மணி நேரம், 90 போனா வெறும் 4 மணி நேரம்: உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது.

போன ஞாயிறு அப்பா தலையில மாட்டிவிட்டேன். எனக்குப் போதுமான சவுண்ட்தான் வெச்சிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துடா"ன்னார்.