முத்திரை மட்டும் போதுமா?

மண்ணைப் பிளந்து பழுப்பு நிலக்கரி எடுத்து, 1962 முதல் நாட்டுக்கு ஒளி வழங்கிவரும் ஊர் நெய்வேலி. விளக்கேற்றி வைக்கும் அந்தத் தோழனின் உயிருக்கு என்ன காப்பு? 2020 மே 7, ஜூலை 1! இரண்டே மாதத்தில், இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இருமுறை கொதிகலன் விபத்து. வெந்து மாண்டவர்கள் உழைப்பாளர்கள். பிணம் விழுந்தபின் விசாரணை வந்தது. மின்கம்பிக்கும் அந்தக் கதைதானா?

1997 ஜூன் 13, தில்லி உபஹார் திரையரங்கு. தளர்ந்த கம்பி இணைப்பு மின்மாற்றியில் தீ மூட்டியது. 59 பேர் மாண்டனர். கொன்றது தழல் அன்று, புகை!

சாதாரண பி.வி.சி. உறை எரிந்தால் கரும்புகையும் ஹைட்ரஜன் குளோரைடு நச்சும் கிளம்பும். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. எஃப்.ஆர்.எல்.எஸ். கம்பியின் உறையோ, 29 விழுக்காடாவது இருந்தாலன்றி எரியக்கூடாது. நச்சு வாயு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதுதான் சோதனை.

2003 ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நன்று! ஆனால், சாதாரணக் கம்பிக்கும் அதே முத்திரைதான். புகை குறைந்த வகையா என்பதை, உறைமீது அச்சிட்ட எழுத்தே சொல்லும். அதைப் பார்த்தீர்களா, தோழர்களே?

கம்பி வாங்குவோன் விலையைப் பார்க்கிறான். அதனடியில் நின்று உழைப்பவனோ உயிரைப் பணயம் வைக்கிறான். எனவே கேட்கிறோம்: சோதனைச் சான்றை அலமாரியில் பூட்டாதீர்! ஆலை வாயிலில் தமிழில் ஒட்டுங்கள்! ஒப்பந்தத் தொழிலாளியும் படிக்கட்டும்! சலுகையன்று இது, உயிரின் உரிமை!